வைத்திலிங்கத்தின் சென்ட்ராலிட்டி

1. ஃபாரம்

எழுபதுகளில் தஞ்சாவூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் புள்ளியியல் உதவியாளராகச் சேர்ந்தேன். தாத்தா காலத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. என் பங்குக்கு வந்தது எம்.எஸ்ஸி. பட்டம் மட்டும்தான். அதை வைத்தே டெல்டாவைத் திருத்திவிடலாம் என்று நினைத்திருந்தேன். முதல் நாளே பேராசிரியர் ஒரு சைக்கிளும் ஒரு கட்டு ஃபாரமும் கொடுத்து, திருவையாற்றுக்கு அப்பால் ஓர் ஊருக்கு அனுப்பினார். ஊர்ப் பெயர் இப்போதும் வேண்டாம்.

கூலித் தகராறு முற்றியிருந்த நேரம். ஆட்சி மாறிய கையோடு மிராசுதாரும் தோள் துண்டின் கரையை மாற்றிக்கொண்டிருந்தார். கூலி நெல் அளக்கிற மரக்கால் மட்டும் மாறவில்லை. நடவு ஆட்கள் வேலைக்கு வரமாட்டோம் என்றார்கள். மறுநாளே போலீஸ் வேன் வந்து நாலு பேரை ஏற்றிக்கொண்டு போனது. இந்த அழகில் நான் வீடு வீடாகப் போய், "ஊர் விஷயத்துல நீங்க யார்கிட்ட யோசனை கேப்பீங்க?" என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். பேன்ட் போட்டவன், கையில் நோட்டு வேறு.

2. அம்புகள்

ஒவ்வொரு பதிலும் ஓர் அம்பு. யோசனை கேட்பவரிடமிருந்து சொல்பவருக்குப் போகும். அம்புகளை மேட்ரிக்ஸாக்கி, பஞ்ச் கார்டில் ஏற்றி, சென்னைக்கு அனுப்பிக் கம்ப்யூட்டரில் ஓட்டினோம். யார் மேல் அம்பு அதிகம் விழுகிறதோ அவருக்கு சென்ட்ராலிட்டி அதிகம். அவர் சொன்னால் ஊர் கேட்கும்.

கூலிக்காரத் தெருவின் அம்புகள் ஏறக்குறைய எல்லாமே வைத்திலிங்கம் என்ற ஒருவர் மேல் போய் விழுந்தன. தற்செயலாக இப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்றது மாடல். பேராசிரியர் தோளில் தட்டினார். எனக்குத் தலை கால் புரியவில்லை. ஒரு கருத்தரங்கில் அம்புகளை வரைந்த வரைபடத்தை மாட்டி, அதிகாரிகள் உட்கார்ந்திருக்க, ஊரை ஆட்டுவிக்கிற ஆளைக் கணக்குப் போட்டே பிடித்துவிடலாம் என்று பேசினேன். அந்த வாய்க்கொழுப்புக்கான பலன் பிறகு வந்தது.

3. வாய்க்காலுக்கு அப்பால்

அடுத்து வைத்திலிங்கத்தை நேரில் பேட்டி எடுக்க வேண்டும். ஊருக்குப் போனபோது, கூலியை அறுப்புக்குள் பேசி முடிக்கலாம் என்ற வாய்தாவில் வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. நடவுப் பெண்களைக் கூட்டி வருகிற அஞ்சலையிடம், அவரை எங்கே பார்க்கலாம் என்று கேட்டேன்.

"வாய்க்காலைத் தாண்டிப் போங்க தம்பி. அங்கதான் இருக்காரு" என்றாள்.

செருப்பைக் கையில் எடுத்து, பேன்ட்டைச் சுருட்டி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கரையேறினேன். அங்கே ஒரு கொட்டகையும் சாம்பலும் கிடந்தன. அது சுடுகாடு என்று எருமை மேய்த்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. ஃபாரத்தோடு அரை மணி நேரம் அங்கே காத்திருந்தேன் என்பதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

நனைந்துபோய்த் திரும்பி வந்தபோது வரிசையில் ஒரு பெண்ணும் சிரிக்கவில்லை. எல்லோரும் அஞ்சலையின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் சிரித்த பிறகுதான் சிரித்தார்கள்.

"அவரு செத்து ரெண்டு வருசமாச்சு. போலீஸு வந்து யாரு தலைவருன்னு கேட்டா அவரு பேரத்தான் சொல்லுவோம். செத்தவரை என்ன பண்ணிட முடியும்? நீங்களும் அதையேதான் கேட்டீங்க."

அத்தனை வீட்டையும் ஒரே பெயரைச் சொல்ல வைத்தது யார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் மேட்ரிக்ஸில் அஞ்சலை மேல் ஓர் அம்புகூட விழவில்லை. மாடல் சொன்னது சரி, அது தற்செயல் இல்லை.

4. இன்ஸ்பெக்டர்

பட்டும் புத்தி வரவில்லை. ஆபீஸுக்கு வந்ததும் புது வரைபடம் போட்டு, நடுவில் அஞ்சலை என்று எழுதி, சிவப்பு மசியில் வட்டமும் போட்டேன். மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். கருத்தரங்கில் நான் பேசியது அவர் காதுவரை போயிருக்கிறது.

"கம்ப்யூட்டர்லயே கண்டுபிடிச்சிட்டீங்களாமே சார். எந்த ஆளைத் தூக்கினா கூட்டம் கலையும்?"

புது வரைபடம் என் முழங்காலுக்கு மேலே, டிராயரில் இருந்தது. அதைக் கொடுத்தால் சாயங்காலமே அந்தப் பெண் லாக்கப்பில் இருப்பாள். லாக்கப்பில் என்ன நடக்கும் என்று ஊருக்கே தெரியும். பழைய வரைபடத்தை எடுத்து நீட்டினேன்.

"இவர்தான் சார். கம்ப்யூட்டர் சொல்லுது."

அவர் பெயரைக் கவனமாக எழுதிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார். டிராயரில் இருந்ததைக் கிழித்து அடுப்பில் போட்டேன். பேராசிரியரிடம் டேட்டா சரியில்லை என்று சொன்னேன். என் பெயரில் வர இருந்த முதல் கட்டுரை அதோடு போயிற்று. அவர் கடைசிவரை என்னைச் சோம்பேறி என்றே நம்பினார். அது அப்படியொன்றும் பொய்யில்லை.

அறுப்புக்குக் கொஞ்சம் முன்னால் கூலி பேசி முடிந்தது. அந்தப் பக்கம் போனபோது அஞ்சலை என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"இன்ஸ்பெக்டரும் வந்தாரு தம்பி. நீங்களாச்சும் செருப்பைக் கழட்டிக்கிட்டுப் போனீங்க. அவரு பூட்ஸோடயே எறங்கிட்டாரு."

இப்போது நெட்வொர்க் மாடல் போடுகிறவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள், கம்ப்யூட்டரும் மேஜை மேலேயே இருக்கிறது. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். ஊரே ஒரு பெயரைச் சொன்னால், கேட்டவன் அவர்கள் கண்ணுக்கு யாராகத் தெரிந்தான் என்று யோசியுங்கள். அப்படியே அந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.