மூணு என்று சொல்லச் சொன்னேன்

டாக்டரம்மாவின் கையில் ஓரம் மடங்கிய ஓர் அட்டை இருக்கும். பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள். வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் பத்து. குடல்வால் வெடித்து, வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்திருந்த என் மகள், தஞ்சாவூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அதைப் பார்த்து ஓர் எண் சொல்ல வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன் அந்த அவசரத்திலும் அவர் எங்களுக்கு விளக்கியிருந்தார். தையலுக்கு அடியில் மெல்லிய குழாய் வைத்து, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் மருந்தை விடுவார்கள். அப்படி இரண்டு மருந்துகள். எது வலியை அதிக நேரம் அடக்குகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். யாருக்கு எது போகிறதென்று அவருக்கே தெரியாது. எண் கூடினால் உடனே வேறு ஊசி உண்டு. மகளும் நானும் கையெழுத்திட்டோம்.

எல்லாம் புரிந்துதான் இருந்தது. ஆனால் எங்கள் பக்கம் விருந்துக்குப் போன வீட்டில் சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் "நல்லாயிருந்துச்சுங்க" என்றுதான் இலையை மடிப்போம். அந்தப் பழக்கத்தில் மகளிடம் சொன்னேன்: "டாக்டர் நமக்காக எவ்வளவு அலையுறாங்க. கேட்டா ரெண்டு, மூணுன்னு சொல்லு. அவங்க மருந்தைக் குறை சொன்ன மாதிரி இருக்கக் கூடாது." பத்தொன்பது வயதுப் பெண், கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தாள்.

அன்றும் மறுநாளும் கேட்டபோதெல்லாம் "மூணு" என்றாள். பக்கத்துக் கட்டில் அக்கா, "என்னடி, எப்பக் கேட்டாலும் மூணுங்கிற, மனப்பாடம் பண்ணிட்டியா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கட்டில் கம்பியைப் பிடித்திருந்த மகளின் விரல்கள் வெளுத்திருந்ததைப் பார்த்தேன். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை டாக்டரம்மா அட்டையை நீட்டவில்லை. "கொஞ்சம் இருமு பாப்பா" என்றார். அவளால் முடியவில்லை. வாய் திறந்தது, காற்று மட்டும் வந்தது. வலிக்குப் பயந்து இருமாமலே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டியிருந்தது.

"நிஜமா எத்தனை?"

அவள் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "எட்டு" என்றாள்.

"எப்பலேருந்து?"

"முதல்லேருந்து."

ஊசி போட்டு அவள் தூங்கிய பிறகு, நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன் என்றேன். டாக்டரம்மா கோபப்படவில்லை. "மருந்து சரியில்லைன்னா சரியில்லைன்னு சொல்லுங்கம்மா. அதைத் தெரிஞ்சுக்கத்தானே கேக்குறேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

சளியும் காய்ச்சலும் இறங்கி வீடு திரும்ப நாளானது. காயம் ஆறிவிட்டது. மகள் ஒரு வார்த்தைகூட என்னைக் குற்றம் சொன்னதில்லை. தழும்பு இழுக்கிறது என்று இப்போதும் அவ்வப்போது அதே டாக்டரம்மாவிடம் போகிறோம். அவர் எது கேட்டாலும் அவள் கண் முதலில் என் பக்கம்தான் திரும்புகிறது. அதனால் நான் உள்ளே போவதில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். கதவைச் சாத்திவிட்டால், அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குக் கேட்பதில்லை.