முத்திரை மேசை

ஜப்பான்காரன் காலத்தில் என் கணவர் காஜா பெராங்கில் ஓர் அரிசிக் கிடங்கில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. பங்கீட்டு அரிசியை அங்கேதான் அளந்து கொடுப்பார்கள். கிராணி பெண்டாட்டி என்று எனக்குச் சலுகை ஒன்றும் கிடையாது. வயிற்றுப் பிள்ளையோடு நானும் வெயிலில்தான் நின்றேன்.

ஒருநாள் எனக்கு முன்னால் நின்ற சீனக் கிழவி அப்படியே சாய்ந்து விழுந்தாள். தூக்கிப் பார்த்தால் உயிர் இல்லை. அவள் மகள் ரேஷன் அட்டையைக் கையிலிருந்து உருவிக்கொண்டு, அழுதபடியே தாயின் இடத்தில் நின்றாள். அரிசி வாங்காமல் எப்படிப் போவது?

அன்று சாயங்காலம் அவர் என்னிடம் கேட்டார். "கிடங்குக்குள்ள வந்ததிலேருந்து நீ எங்கெங்க நிக்கிறே? ஒண்ணு விடாம சொல்லு."

சொன்னேன். வாசலில் அட்டையைக் காட்டி, கடைக்கோடிக்குப் போய் முத்திரை வாங்கி, மறுபடி வாசல் பக்கம் வந்து அரிசிக்கு நிற்க வேண்டும். உப்புக்கு இன்னொரு வரிசை. நான் சொல்லச் சொல்ல, அவர் அடுப்புக்கரியால் சிமெண்டுத் தரையில் வரைந்தார். மேசைக்கு ஒரு கட்டம், ஜனங்கள் நடக்கும் வழிக்கு ஒரு கோடு. கோடுகள் சிக்கிய நூல் மாதிரி கிடந்தன.

"பாரு, போறவங்களும் வர்றவங்களும் இங்கதான் முட்டிக்கிறாங்க. அட்டை பார்க்கிற ஆளே முத்திரையும் குத்திட்டா என்ன?"

அழித்து அழித்து வரைந்தார். கடைசியில் ஒரே கோடு மிஞ்சியது. வெகு நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

அதைத் தாளில் எழுதி, மொழிபெயர்ப்பாளர் மூலம் ஜப்பானிய அதிகாரியிடம் காட்டினார். முதலில் ஒரு காலை மட்டும் அப்படிச் செய்து பார்த்தார்கள். வரிசை ரோட்டுக்கே வரவில்லை. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. புக்கிட் பாருவிலிருந்து நடந்து வருகிறவர்கள்கூட வெயில் ஏறுமுன் வீடு திரும்பினார்கள். முன்பின் தெரியாதவர்கள் அவரைக் கும்பிட்டார்கள்.

கொஞ்ச நாளில் அதிகாரி வந்து கிடங்கைச் சுற்றிப் பார்த்தான். வேலை குறைந்துவிட்டதே, இத்தனை ஆள் எதற்கு என்று கேட்டானாம். மிஞ்சியவர்களைச் சயாமில் ரயில்பாதை போடும் வேலைக்கு அனுப்பச் சொல்லிவிட்டான். முத்திரை மேசை இவருடையது.

"உங்க மேசைதான் போகும்னு தெரியாதா?" என்று கேட்டேன்.

"மேசை போகும்னுதான் நெனச்சேன். ஆளும் போகணும்னு யாரு கண்டா?"

மறுநாள் லாரியில் ஏற்றினார்கள். பிள்ளை பிறக்குமுன் வந்துவிடுவேன் என்றார். பெண் பிறந்தாள். நான் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு அரிசி வாங்கப் போவேன். வரிசை நிற்காமல் நகரும். அவர் போட்ட வழியில்தான் நடந்தேன். வாங்குகிற அரிசி வர வரக் குறைந்து, பிறகு மரவள்ளிதான் என்றாகிவிட்டது.

சண்டை முடிந்து, செமாபோக்கைச் சேர்ந்த ஒருவர் சயாமிலிருந்து திரும்பி வந்தார். காலெல்லாம் புண். என் கணவர் மழைக்காலத்தில் வாந்திபேதியில் போய்விட்டார் என்றார்.

"ஏதாவது சொன்னாரா?"

"அங்க யாரும் பேசிக்கிறதில்லம்மா."

அடுப்பில் வெந்த கிழங்கை எடுத்து வைத்தேன். வந்தவர் தலையைத் தூக்காமல் தின்றார். பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.