அம்மாவின் சட்டைப்பின்களும் என் சப்பாத்தும்

நான் உடுக்கிற விதத்தைப் பற்றிக் கொழும்பு வெள்ளவத்தையில் எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. மரக்கறிக் கடைக்காரருக்கு இருக்கிறது. எங்கள் பிளாட்டுக்குக் கீழ்மாடியில் இருக்கிற அன்ரிக்கு இருக்கிறது. கோயில் வாசலில் பூ விற்கிற மனுசிக்கும் இருக்கிறது. எனக்கும் ஒன்று இருக்கிறது: நான் வடிவாகத்தான் உடுக்கிறேன். இதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. கறுப்பும் பழசும், இந்த இரண்டும்தான் என் சரக்கு. கடையில் புதிதாகத் தொங்குகிற உடுப்பைப் பார்த்தால் மனம் அசையாது. யாரோ உடுத்து, வேர்த்து, தோய்த்து, மடித்து வைத்த உடுப்பென்றால் கை தானாகப் போகும்.

பெரியம்மாவின் மகனுக்குக் கல்யாணம் வந்தது. பெரியம்மா என்றால் அம்மாவின் ஒரே அக்கா, கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். கல்யாணம் எங்கள் பக்கம், வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில். சொந்தக்காரர் எல்லாரும் என்ன உடுப்பது என்று போனில் கதைத்துக்கொண்டிருக்க, நான் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா இந்தமுறையாவது மணவறைக்குக் கிட்டப் போவாரா?

அப்பா செத்து மூன்று வருசம். அதற்குப் பிறகு வந்த எந்த நல்ல காரியத்திலும் அம்மா முன்னுக்கு வந்ததில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு சேலையைச் சுற்றிக்கொண்டு கடைசி வரிசையில், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இருப்பார். தாலி கட்டும்போது, சொல்லி வைத்தமாதிரி, கை கழுவ எழும்பிப் போவார். போகச்சொல்லி ஒருத்தரும் சொல்லவில்லை. போகாதே என்றும் ஒருத்தரும் சொல்லவில்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது அந்த இரண்டாவதுதான். படித்த சனம், வெளிநாடெல்லாம் பார்த்த சனம், ஒரு மனுசி எழும்பிப் போவதைக் கண்டும் காணாததுபோல் பூவும் அரிசியும் எறிந்துகொண்டு நிற்கும்.

அம்மா முந்தி அப்படி மூலைக்குள் இருந்த ஆள் இல்லை. அவருடைய தாலிக்கொடியில் எப்போதும் ஒரு கொத்துச் சட்டைப்பின் கொழுவியிருக்கும். கல்யாணவீடோ சாமத்தியவீடோ, யாருக்குச் சேலை நழுவினாலும், யாருக்குச் சட்டைத் தையல் விட்டாலும், நேரே அம்மாவிடம்தான் வருவார்கள். அம்மா கழுத்துக்குள் கையை விட்டு ஒன்றைக் கழற்றி, வாயில் இன்னொன்றைக் கவ்விக்கொண்டு, கதையும் நிற்பாட்டாமல் குத்தி விடுவார். பெரியம்மா ஒருநாளும் பின் கொண்டுவருவதே இல்லை. "என்ர தங்கச்சி வருவாள்தானே" என்பார். அப்பா செத்து, கொடி கழற்றிய அன்று பின்கள் எல்லாம் ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் போயின.

அந்தத் தகரத்தைத்தான் நான் கல்யாணத்துக்கு முதல்நாள் அலுமாரியில் கண்டுபிடித்தேன். தேடிப்போனது சேலையை. அம்மா தன்னுடைய கல்யாணத்துக்கு முன் உடுத்த நைலெக்ஸ் சேலை ஒன்று இருந்தது. கருநீலத்தில் தட்டளவு செம்மஞ்சள் பூக்கள். அதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள் நான். அதோடு அப்பாவின் கறுப்புச் சேட். மாலை போட்டுச் சபரிமலைக்குப் போகும் காலத்தில் அவர் போட்டது. தோய்த்துத் தோய்த்துக் கொலர் மட்டும் கொஞ்சம் வெளிறியிருந்தது. சேலைக்குப் போடுகிற சட்டைக்குப் பதிலாக அந்தச் சேட்டைப் போட்டு, கையை முழங்கைவரை மடித்து, இடுப்பில் அகலமான தோல் பெல்ட் ஒன்றைக் கட்டினேன். காலுக்கு மருதானையில் வாங்கிய சப்பாத்து, முழங்காலுக்குச் சற்றுக் கீழேவரை நாடா கட்டுகிற தடித்த கறுப்புச் சப்பாத்து. கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் சரி, ஆனால் கழுத்தடியில் ஏதோ குறைந்தது. நகை எனக்கு ஒத்துவராது. தகரத்தைத் திறந்தேன். பின்களை எடுத்துக் கொலர் இரண்டிலும் வரிசையாகக் குத்தினேன். ஆகா! அவ்வளவுதான் தேவைப்பட்டது.

அம்மா அறைக்குள் வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னடி கோலம் இது?"

"நாளைக்கு உடுக்கப் போறது."

"உனக்கென்ன விசரே? நல்ல நாளும் அதுவுமா கறுப்பு! பெரியம்மா என்னைத்தான் பேசுவா."

"ஐயப்பனைப் பாக்க அப்பா இதைத்தானே போட்டுக்கொண்டு போனவர்? சாமிக்கு ஆகுமெண்டால் மாப்பிள்ளைக்கு ஆகாதோ?"

வாதத்தில் தோற்றால் அம்மா வேறு பிழை பிடிப்பார். "சேலையை உப்பிடியே உடுக்கிறது? சாக்குக் கட்டின மாதிரிக் கிடக்கு" என்று வந்து, பெல்ட்டை அவிழ்த்து, முன்னால் மடித்த கொய்யகத்தை முழுக்கக் கலைத்து, முட்டுக்காலில் இருந்து திரும்ப மடித்துக் கட்டினார். சப்பாத்துத் தெரியவேண்டும் என்றேன். "தெரியட்டும், தெரியட்டும், ஊருக்கே தெரியட்டும்" என்று கரையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தார். எழும்பும்போதுதான் கொலரைப் பார்த்தார். ஒரு பின்னை விரலால் தொட்டார்.

"உது என்ர பின் எல்லே?"

"ஓம்."

"துருப்பிடிச்சிருக்கும், கவனம்" என்றுமட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். ஒன்றுமே துருப்பிடித்திருக்கவில்லை. நான் பார்த்துத்தான் எடுத்தேன்.

மறுநாள் மண்டபத்துக்கு ஓட்டோ பிடித்தோம். ஓட்டோக்காரர் கண்ணாடியால் என்னைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் பொறுக்கமாட்டாமல், "ஷூட்டிங் எகக்கட்டத யன்னே, நங்கி?" என்று சிங்களத்தில் கேட்டார். சினிமாவில் நடிக்கத்தான் போகிறேன் என்று நினைத்துவிட்டார். "ஒவ் அய்யே, மமய் ஹீரோயின்" என்றேன். நான்தான் கதாநாயகி என்று சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் ஓட்டோ ஒருபக்கம் இழுத்தது. சாம்பல் சேலையில் என் பக்கத்தில் இருந்த அம்மாவும் முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார். எனக்குத் தெரியாதென்று நினைத்திருப்பார்.

மண்டபத்தில் நான் நுழைந்ததும் கதிரை வரிசை முழுக்கத் தலை திரும்பியது. திரும்பட்டும், அதற்குத்தானே உடுக்கிறது. ஒரு மாமி என் சப்பாத்தைப் பார்த்து, "பிள்ளைக்குக் காலில ஏதும் முறிவோ?" என்று கேட்டார். "இல்லை மாமி, ஸ்ரைல்" என்றேன். அம்மா அதற்குள் கடைசி வரிசைக்கு நழுவப் பார்த்தார். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் முன்வரிசையில், மணவறைப் படிக்கு நேரே இருத்தினேன். "விடடி" என்றார். நான் விடவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் எனக்குத் தெரியும்: முன்வரிசையில் இருத்தலாம், அந்தப் படியில் ஏற்றமுடியாது. அது என் கையில் இல்லை.

எங்கள் கல்யாணங்களில் பொம்பிளை இரண்டுதரம் வருவாள். முதலில் ஒரு சேலையில் வருவாள். மாப்பிள்ளை கூறைச்சேலையைக் கொடுத்ததும் எழும்பி அறைக்குப் போய், அதை உடுத்துக்கொண்டு திரும்பி வரவேண்டும். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருக்கும். கனத்த பட்டை நாலுபேர் சேர்ந்து அவசரத்தில் சுற்றி அனுப்புவார்கள். அன்றும் அப்படித்தான். பொம்பிளை கூறையுடன் திரும்பிவந்து மணவறையில் இருக்கப் போனாள். இடுப்பில் குத்தியிருந்த பின் தெறித்தது. கொய்யகம் முழுக்கச் சரிந்து காலடியில் விழுந்தது. அவள் இரண்டு கையாலும் சேலையை அள்ளிப் பிடித்துக்கொண்டு அழாக்குறையாக நின்றாள். ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

மணவறையில் நின்ற பெரியம்மா பதறிப்போய், முன்வரிசைப் பக்கம் திரும்பி, நாற்பது வருசப் பழக்கத்தில் கையை நீட்டினார்.

"எடி தங்கச்சி, பின்!"

அம்மாவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. வெறும் கழுத்தில் விரல்கள் கொஞ்சநேரம் தடவிக்கொண்டு நின்றன. பெரியம்மாவின் முகம் செத்துப்போயிற்று. தான் என்ன கேட்டுவிட்டேன் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் நின்றார்.

நான் எழும்பினேன். என் கழுத்தைச் சுற்றிப் பின், நான் போய்க் குத்தினால் முடிந்தது கதை. ஆனால் மணவறையில் சப்பாத்தோடு ஏற முடியாது. குனிந்து நாடாவை இழுத்தேன். முழங்கால்வரை கட்டின நாடா லேசில் அவிழுமா? இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது. வாய்க்குள் சப்பாத்துக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டு இன்னும் இழுத்தேன்.

அப்போது அம்மா என் கொலரைப் பிடித்தார். ஒரு பின்னைக் கழற்றினார், இன்னொன்றைக் கழற்றினார், மூன்றாவதை வாயில் கவ்வினார். "நீ கழட்டி முடிக்க விடிஞ்சிடும்" என்று பல்லுக்குள்ளால் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி எறிந்து படியேறிப் போனார். சாம்பல் சேலையோடு, எல்லாரும் பார்க்க.

யாரோ பின்னால் குசுகுசுத்தார்கள். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், சத்தம் நின்றது. அந்தக் கோலத்தில் நான் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் பயம்தான்.

அம்மா பொம்பிளையின் முன்னால் முட்டுக்காலில் இருந்தார். "அழாதை பிள்ளை, மூச்சை உள்ளுக்கு இழு" என்று சொல்லிக்கொண்டே கொய்யகத்தை மடித்தார், முதல்நாள் எனக்கு மடித்தமாதிரியே. குத்தினார், இழுத்துப் பார்த்தார், இன்னொன்றும் குத்தினார். பிறகு எழும்பி, சேலைத்தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியிறங்கத் திரும்பினார். கை கழுவப் போகிற அதே நடை.

பெரியம்மா அவருடைய கையை எட்டிப் பிடித்தார்.

"எங்க போறாய்?"

"கீழ..."

"ஒரு இடமும் போகவேண்டாம். இன்னொருக்காக் குலைஞ்சால் ஆர் குத்துறது? நில்லு இதில."

மேளம் கொட்டியது. அதற்குள் ஒரு சப்பாத்து ஒருவழியாகக் கழன்றிருந்தது. நான் கீழே ஒரு காலில் சப்பாத்தும் மற்றக் காலில் ஒன்றுமில்லாமலும் நின்று, பின் கழன்று கசங்கிய கொலரோடு, கைநிறையப் பூவும் அரிசியும் எறிந்தேன். கண்ணீர் வந்ததைத் துடைக்கவில்லை. இப்போது கல்யாணப் படங்கள் வந்திருக்கின்றன. தாலி கட்டுகிற படத்தில் பெரியம்மாவின் தோளோடு ஒட்டியபடி அம்மா நிற்கிறார். மூன்றாவது பின் இன்னும் அவர் வாயில் இருக்கிறது.