நான் திருத்திய மூன்று இடங்கள்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஓகஸ்ட் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, திருகோணமலை நகரில் நான் வேலை செய்யும் உயர்கல்வி நிறுவனத்தில் இது நடந்தது. நான் அங்கே பரீட்சைப் பிரிவில் முகாமைத்துவ உதவியாளர். வினாத்தாள்களை எண்ணி உறையில் போடுவது, வரவுப் பட்டியல் தயாரிப்பது, முடிந்த விடைத்தாள்களைக் கட்டி முத்திரை வைப்பது, இவைதான் என் வேலை. பரீட்சை எழுதுவது என் வேலை அல்ல. அன்று எழுதினேன்.

எங்கள் நிறுவனத்தில் அப்போது கண் பார்வை இல்லாத மாணவி ஒருவர் வணிகத் துறையில் படித்துக்கொண்டிருந்தார். கிண்ணியாவிலிருந்து தனியாக பஸ்ஸில் வருவார். பன்னிரண்டு வயதில் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு பார்வை போய்விட்டதாகச் சொல்லியிருந்தார். நகரத்து வீதிகளில் திரியும் மான்கள் சில நாட்களில் எங்கள் வாசலில் வந்து படுத்துக் கிடக்கும். அவர் வெள்ளைப் பிரம்பால் தரையைத் தட்டிக்கொண்டு வந்து, அவை எழும்பும் வரை பொறுமையாக நின்றுவிட்டு உள்ளே வருவார்.

அவர் பரீட்சை எழுதுவதற்கு இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. ஒரு மணித்தியாலம் மேலதிக நேரம். அவர் சொல்லச் சொல்ல விடைத்தாளில் எழுதுவதற்கு ஓர் ஆள். கணினியில் தானே தட்டச்சு செய்து எழுத அனுமதி கேட்டு அவர் கொடுத்த விண்ணப்பம் எங்கள் கந்தோரில் ஒரு கோப்புக்குள் இருந்தது. அதை அந்தக் கோப்பில் போட்டது நான்தான். அதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசித்ததில்லை.

எழுதுவதற்கு வேறொரு துறையில் படிக்கும் மாணவி ஒருவரை ஒழுங்கு செய்திருந்தோம். வெருகலில் இருந்து வரவேண்டியவர். எட்டரை மணிக்கு அவர் தொலைபேசியில் கூப்பிட்டு, காய்ச்சல், எழும்ப ஏலாது என்றார். பரீட்சை ஒன்பது மணிக்கு. பரீட்சைப் பிரிவின் பொறுப்பதிகாரி கந்தோரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உங்கட கையெழுத்து வடிவு. நீங்களே போங்கோ," என்றார்.

எழுதப் போகிறவர் அந்தப் பாடத்தைப் படித்தவராக இருக்கக் கூடாது என்பது விதி. அன்றைய பாடம் வர்த்தகச் சட்டம். உயர்தரத்தில் நான் வர்த்தகப் பிரிவில் படித்தவள். அதற்குப் பிறகும் மாலை வகுப்புகளில் கொஞ்சக் காலம் அதே பாடத்தைப் படித்தேன். பொறுப்பதிகாரி அதைக் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. நேரமும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் சிறிய அறையில் ஒரு மேசை, மூன்று கதிரைகள். மேற்பார்வைக்கு வந்த விரிவுரையாளர் வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். நான் மாணவிக்கு வினாத்தாளை வாசித்துக் காட்டினேன். அவர் இரண்டு கைகளையும் மேசையில் வைத்துக்கொண்டு கேட்டார். ஒவ்வொரு வினாவையும் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு சொல்லத் தொடங்கினார்.

முதல் அரை மணித்தியாலம் நன்றாகவே போனது. அவர் தெளிவாகச் சொல்வார், நான் எழுதுவேன். இரண்டாவது வினாவில் அவர் சொன்ன ஒரு வசனம் பேச்சு வழக்கில் கொஞ்சம் கோணலாக இருந்தது. கருத்து விளங்கியது. ஆனால் தாளில் அப்படி எழுதினால் வடிவாக இருக்காது என்று எனக்குத் தோன்றியது. அதைக் கொஞ்சம் நீட்டி, நல்ல தமிழில் எழுதினேன். இது ஒரு குற்றம் என்று அந்த நேரம் தோன்றவே இல்லை. உதவி என்றுதான் தோன்றியது.

அடுத்ததில் கை இன்னும் சுலபமாகப் போனது. ஒப்பந்தம் செய்வதற்கு ஒருவருக்கு எத்தனை வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதை அவர் இருபத்தொன்று என்று சொன்னார். பதினெட்டு என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு கணம் பேனை நின்றது. பிறகு பதினெட்டு என்று எழுதினேன்.

மூன்றாவது, கடைக் கண்ணாடிக்குள் விலை எழுதி வைத்திருக்கும் சாமானைப் பற்றியது. அப்படி வைத்திருந்தால், அந்த விலைக்குத் தருவேன் என்று கடைக்காரர் வாக்குக் கொடுத்ததாக ஆகாது என்று அவர் சொன்னார். வாங்க வாருங்கள் என்று அழைப்பது மட்டும்தானாம். எங்கள் அப்பா நகரத்தில் கடை வைத்திருந்தவர். எழுதி வைத்த விலைக்குக் கொடுக்காமல் ஒரு நாளும் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. இந்தப் பிள்ளை இதிலும் பிழை விடுகிறதே என்று பரிதாபப்பட்டு, அது வாக்குத்தான், கடைக்காரர் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று எழுதினேன்.

அந்தப் பந்தி முடிந்ததும் அவர், "மிஸ், கடைசியா எழுதினதை ஒருக்கா வாசிங்க," என்றார்.

அதற்கு முன்பு அவர் அப்படிக் கேட்கவில்லை. நான் தாளைப் பார்த்தேன். அவர் சொன்னதை நினைவிலிருந்து சொல்லிவிடலாம் என்று ஓர் எண்ணம் வந்தது. அதைச் செய்திருந்தால் இன்று இதை எழுதும் துணிவு எனக்கு இருந்திருக்காது. நல்ல காலம், என் நினைவில் அவருடைய சொற்கள் இருக்கவில்லை. தாளில் இருந்ததை வாசித்தேன்.

அவர் முகம் மாறவில்லை. மேசையில் இருந்த கைகளை மட்டும் மடிக்கு எடுத்துக்கொண்டார்.

"நான் அப்படிச் சொல்லல்லயே மிஸ்."

நான் குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி, நீங்கள் சொன்னது பிழை. அதனாலதான்," என்றேன்.

"வேற எங்க எங்க மாத்தினீங்க?"

பொய் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. மூன்று இடம் என்றேன். எவை என்றும் சொன்னேன். வயதைப் பற்றிச் சொன்னபோது, "அது இருபத்தொண்டு இல்லயா?" என்று கேட்டார். இல்லை, பதினெட்டு என்றேன். இப்போது சரியான விடை தெரிந்துவிட்டது, அப்படியே விட்டுவிடச் சொல்வார் என்று நினைத்தேன்.

"மூண்டையும் வெட்டுங்க. நான் சொன்னதை எழுதுங்க."

"வயசையுமா?"

"ஓம். இருபத்தொண்டு எண்டே எழுதுங்க. பிழையா இருந்தாலும் அது என்ட தாள் மிஸ்."

எங்கள் பேச்சு கேட்டு மேற்பார்வைக்கு இருந்த விரிவுரையாளர் தலை நிமிர்ந்து என்ன விஷயம் என்றார். மாணவி அவர் குரல் வந்த பக்கம் திரும்பி, "கொஞ்சம் வெட்டி எழுதப் போறம் சேர்," என்று மட்டும் சொன்னார். விரிவுரையாளர் தலையாட்டிவிட்டு மறுபடியும் வாசிக்கத் தொடங்கினார்.

ஒவ்வொரு இடத்தையும் ஒற்றைக் கோட்டால் வெட்டி, மேலே அவர் திரும்பச் சொன்னபடி எழுதினேன். அதன் பிறகு அவர் ஒவ்வொரு பந்தியும் முடிந்ததும் வாசிக்கச் சொன்னார். அதனால் நேரம் போனது. கடைசி வினாவில் பாதிதான் முடிந்தது. மணி அடித்தபோது அவர் சொல்லிக்கொண்டிருந்த வசனம் பாதியில் நின்றது. அந்தப் பாதி வசனத்தை எழுதிவிட்டுப் பேனையை மூடினேன்.

விரிவுரையாளர் விடைத்தாளை வாங்கிக்கொண்டு போன பிறகு, மாணவி பிரம்பை விரித்தபடி என்னிடம் பேசினார். கோபமாகப் பேசவில்லை. போன முறை தனக்கு நல்ல புள்ளி வந்தபோது, எழுதினவதான் விடையும் எழுதிக் குடுத்திருப்பா என்று கூடப் படிப்பவர்கள் கதைத்தார்களாம். ஒருவர் நேரடியாகவே கேட்டாராம். "இல்ல எண்டு சொன்னன். இனி அப்படி யாரும் கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?" என்றார். பிறகு, "நீங்கதான் கந்தோர்ல சொல்லணும் மிஸ். நான் சொன்னா முறைப்பாடு எண்டுவாங்க," என்றார்.

நான் ஓம் என்றேன். அவர் போய்விட்டார்.

உண்மையைச் சொன்னால், எனக்குச் சொல்ல விருப்பம் இல்லை. வெட்டியாயிற்று, அவர் சொன்னதே தாளில் இருக்கிறது, இனி என்ன என்று நினைத்தேன். பதினான்கு வருட சேவையில் என் பெயரில் ஓர் எச்சரிக்கைக் கடிதம்கூட வந்ததில்லை. மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தேன். இன்னொன்றும் உறுத்தியது. கடை விஷயத்தில் அவர் சொன்ன விதம் மிகவும் உறுதியாக இருந்தது. நூலகத்துக்குப் போய் அந்தப் பாடப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. ஏறத்தாழ அதே சொற்களில் புத்தகத்தில் இருந்தது. எனக்குப் பாடம் தெரியும் என்று நினைத்துத்தான் அவருடைய சரியான விடையைப் பிழையாக்கியிருந்தேன்.

புத்தகத்தை வைத்துவிட்டு நேரே பொறுப்பதிகாரியிடம் போனேன். அவர் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவினார். "இதை ஏன் இப்ப வந்து சொல்லுறீங்கள்? பேசாமல் இருந்திருக்கலாமே," என்றார். அவரும் கெட்டவர் அல்ல. ஆனால் சொன்னபின் அவரால் கேட்காததுபோல் இருக்க ஏலாது. எழுத்தில் தரச் சொன்னார். பாடத்தை முன்பு படித்திருந்ததையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன்.

அதன் பிறகு நடந்தது நான் எதிர்பாராதது. தண்டனை எனக்கு வரும் என்று நினைத்திருந்தேன். முதலில் அது மாணவிக்கு வந்தது. அந்தப் பாடத்தின் பெறுபேற்றை நிறுத்தி வைத்தார்கள். மற்ற எல்லாருடைய பெறுபேறும் அறிவித்தல் பலகையில் ஒட்டியபோது அவருடைய சுட்டெண்ணுக்கு எதிரே அந்த இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

இரண்டு மாதம் கழித்து விசாரணைக்கு மூன்று பேர் இருந்தார்கள். எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டார்கள். விடைத்தாளை இரத்துச் செய்துவிட்டு அடுத்த வருடம் திரும்ப எழுத வைப்பதுதான் எல்லாருக்கும் பாதுகாப்பு என்று ஒருவர் சொன்னார். அவரைப் பார்த்து நான் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "பிழை செய்தது நான் சேர். வெட்டின கோட்டுக்குக் கீழே என்ட சொல்லு இருக்கு. மேலே அவட சொல்லு இருக்கு. ரெண்டையும் நீங்கள் பாக்கலாம்."

மாணவியிடம் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். வெட்டியதற்குப் புள்ளி வேண்டாம், வெட்டாததற்கு எல்லாருக்கும் போடுவதுபோல் போடுங்கள் என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அழவும் இல்லை. முடிந்ததும், எந்தப் பக்கம் வாசல் என்று என்னிடமே கேட்டார். முழங்கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டு வந்தார்.

தாளைத் திருத்திப் புள்ளி போட அனுமதித்தார்கள். வயது விடைக்குப் புள்ளி இல்லை. கடை விடைக்கு முழுப் புள்ளி. முடியாமல் போன கடைசி வினாவில் பாதிப் புள்ளி. சாதாரணச் சித்தி, அதாவது வெறும் தேர்ச்சி. அவருடைய மற்றப் பாடங்களின் பெறுபேறுகளோடு பார்த்தால் அது மிகவும் குறைவு. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது என் கோப்பில் இருக்கிறது.

அதே விசாரணையின் முடிவில் இன்னும் சில மாற்றங்கள் வந்தன. எழுத வருபவர் அந்தப் பாடத்தைப் படித்ததில்லை என்று முன்கூட்டியே கையொப்பம் இட வேண்டும். பரீட்சை முழுவதும் ஒலிப்பதிவு செய்யப்படும். ஒவ்வொரு பக்கமும் வாசித்துக் காட்டப்பட வேண்டும், அதற்கான நேரம் தனி. கணினி கேட்ட அந்த விண்ணப்பத்தையும் கோப்பிலிருந்து எடுத்து மேலே அனுப்பினேன். அந்த அனுமதி கிடைக்க ஒன்றரை வருடம் ஆனது. அதற்குள் அவருக்கு இன்னும் இரண்டு பருவப் பரீட்சைகள் இருந்தன.

அடுத்த பருவத்துக்கு எழுத யார் வேண்டும் என்று விருப்பம் கேட்டபோது அவர் என் பெயரைச் சொல்லியிருந்தார். நான் படித்திராத பாடம் அது. இருந்தாலும் எனக்கு நம்ப முடியவில்லை. பரீட்சை தொடங்குவதற்கு முன்பு, ஏன் என்னைக் கேட்டீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க இனி மாத்த மாட்டீங்க," என்றார். "வேற ஆக்கள் எண்டா எனக்குத் தெரியாதே."

அன்று மூன்று மணித்தியாலமும், அவர் சொன்னதைத் தவிர ஒரு சொல்லும் நான் எழுதவில்லை. இரண்டு இடங்களில் பிழை என்று சந்தேகம் வந்தது. எழுதிவிட்டு அடுத்த வசனத்துக்குக் காத்திருந்தேன். அது இலகுவாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்போது அவர் பட்டம் முடித்து, நகரத்தில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறார். நான் இன்னும் அதே பரீட்சைப் பிரிவில் இருக்கிறேன். எழுத வரும் புதியவர்களுக்கு விதிகளை விளங்கப்படுத்துவது இப்போது என் வேலைகளில் ஒன்று. எல்லாரும் நல்ல மனதோடு வருகிறவர்கள், உதவி செய்ய ஆசைப்படுகிறவர்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம், அன்று நானும் நல்ல மனதோடுதான் அந்த அறைக்குள் போனேன் என்பது எனக்கு நினைவுக்கு வருகிறது.