வரி போடாமல் விட்ட கடைசிக் காட்சி

1. துடைப்பத்திலிருந்து லப்டொப்புக்கு

இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், வியா மக்வேதா வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்த பழைய தியேட்டரில் என்னை எடுத்தது கூட்டித் துடைக்கத்தான். என் வேலை ஒப்பந்தத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தது. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்தில் இருக்கிறவர் அந்த வரியை வாசித்துவிட்டு என் கைகளைப் பார்ப்பார். கைகளும் துடைப்பம் பிடித்த கைகள்தான்.

2010க்குப் பிறகு வந்த வருடங்களில் ஒன்றில் எங்கள் முதலாளிக்கு ஜப்பான் பைத்தியம் பிடித்தது. அங்கே எடுத்த கொலைக் கதைப் படங்களை வாரம் ஒன்றாகக் காட்டப் போவதாக நோட்டீஸ் ஒட்டினார். எல்லாம் நாவல்களிலிருந்து எடுத்த படங்கள். துப்பறியும் கதையை இத்தாலியர் ‘ஜாலோ’ என்பார்கள், மஞ்சள் என்று அர்த்தம். மஞ்சள் அட்டைப் புத்தகம் என்றால் இங்கே உயிரை விடுகிற சனம் இருக்கிறது. ஆனால் அந்தப் படங்கள் இத்தாலிய சப்டைட்டில் இல்லாமல்தான் வரும். திரைக்குக் கீழே ஒரு நீளத் துண்டைக் கட்டி, இன்னொரு சின்ன புரொஜெக்டரால் அதில் வரிகளை அடிக்க வேண்டும். நடிகர் வாய் திறக்கத் திறக்க ஒருவர் லப்டொப்பில் இருந்து ஒவ்வொரு வரியாகத் தட்டிவிட வேண்டும். அதற்கென்று வந்த பையன் சம்பளம் போதாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தபோது நான் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, இதைத்தான் ஒவ்வொரு ஞாயிறும் செய்கிறேன் என்று சொன்னேன். எங்கள் தமிழ்ப் பூசையில் பாட்டு வரிகளைச் சுவரில் போடுகிறவன் நான்தான். பாடகர் குழு எந்த நேரத்தில் எந்தச் சரணத்தை விழுங்கும் என்று கர்த்தருக்கே தெரியாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருக்க வேண்டும். அந்த வேலையில் எனக்கு ஒரு சட்டம் இருந்தது. தடுமாறினால் பிழையான வரியைப் போடாதே, வெறுஞ்சுவராக விடு. பிழையான வரி விழுந்தால் பாதிச் சனம் சுவரைப் பார்த்துப் பாடும், பாதிச் சனம் குழுவோடு போகும், சுவாமியார் பீடத்திலிருந்து என்னைப் பார்ப்பார். வெறுஞ்சுவராக விட்டால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். இந்தச் சட்டத்தை இங்கேயே சொல்லி வைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

2. சினியோரா ஜுலியானா

வரிகளை மொழிபெயர்த்தவர் சினியோரா ஜுலியானா. அறுபதைத் தாண்டிய பெண்மணி. இளவயதில் ஜப்பானில் இருந்து படித்தவர், அந்த நாட்டுக் கொலைக் கதைகள் பலவற்றை இத்தாலியனில் கொண்டுவந்தவர். தியேட்டருக்குப் பக்கத்திலேயே, மூன்றாம் மாடியில், தனியாக இருந்தார். இத்தாலியர் சொன்னவற்றை இங்கே எங்கள் பேச்சில்தான் எழுதுகிறேன், அப்படித்தான் அது என் காதில் இருக்கிறது.

எனக்கு இந்தத் தொழிலைக் காட்டித் தந்தவர் அவர்தான். அவருடைய முறை விசித்திரமானது. பகலில் படத்தை ஓடவிட்டு, முதல் வேலையாகச் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிடுவார்.

“சத்தம் உம்மைக் குழப்பும். வாயைப் பாரும், கையைப் பாரும். கோப்பையைக் கீழை வைச்ச உடனை இந்த வரி. அவள் யன்னல் பக்கம் திரும்பினாப் பிறகு அடுத்தது.”

மடியில் வசனத் தாள்களை வைத்துக்கொண்டு, உதடு அசைவதைப் பார்த்துப் பார்த்து ஓரத்தில் குறிப்பு எழுதித் தருவார். எனக்கு ஜப்பான் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அந்த முறையில் பழகியபின் ஒரு வரியும் பிந்தாது, முந்தாது. தேர்ந்த ஒப்பரேட்டர் என்று முதலாளி என்னைப் பற்றி வெளியில் பெருமை அடிக்கத் தொடங்கினார். நானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் திரிந்தேன்.

இடைவேளையில் கோப்பி குடிக்கும்போது நாவலில் கதை எப்படிப் போகிறது, படத்தில் எப்படி மாறியது என்று சொல்லுவார். இத்தாலியர் யார் கொன்றது என்று தேடுவார்கள், ஜப்பான்காரர் ஏன் கொன்றது என்று தேடுவார்கள் என்பது அவருடைய கட்சி. சில நாவல்களில் கொன்றவரைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுவார்களாம். அதற்குப் பிறகு புத்தகம் முழுக்க அந்த ஆளுக்குப் பக்கத்திலேயே நாம் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். படக்காரரில் அவருக்கு நம்பிக்கை குறைவு. “எப்பவும் முடிவிலை கை வைச்சுப்போடுவினம்” என்று சிரிப்பார்.

கடைசி வாரத்துப் படம் அவர் இருபது வயதுகளில் மொழிபெயர்த்த ஒரு நாவலிலிருந்து எடுத்தது. கடற்கரை ஊரில் தங்குவீடு நடத்தும் ஒரு விதவை, அங்கே தங்கியிருந்தவனைக் கொல்கிறாள். அந்த மாலை நன்றாகப் போனால் பழைய மொழிபெயர்ப்பை மறுபதிப்புப் போடப் பதிப்பகத்தார் தயாராக இருந்தார்கள், அவர்களும் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அடுத்த வருடம் முழுக்க அவருக்கே வேலை என்று முதலாளியும் சொல்லியிருந்தார். அவருக்கு அந்த வேலை தேவைப்பட்டது. புத்தகங்கள் வருவது நின்று சில வருடமாகியிருந்தது. என்னைப் பற்றியும் முதலாளியிடம் பேசி, ஒப்பந்தத்தில் ‘துப்புரவு’ என்பதை ‘ஒப்பரேட்டர்’ என்று மாற்றச் சம்மதம் வாங்கியது அவர்தான். எனக்காக அப்படி வாய் திறந்தவர் இந்த நகரத்தில் வேறு யாருமில்லை.

3. ஜெசிந்தா சொன்னது

அதற்கு நன்றியாக ஒருநாள் அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். என் மனைவி ஜெசிந்தா மொண்டெல்லோவில் ஒரு வீட்டில் வேலை செய்கிறவள். பல வருடம் வயது போனவர்களோடு இருந்து பழகியவள். இடியப்பமும் மீன் சொதியும் செய்திருந்தாள். சினியோரா உறைப்பில் கண்ணீர் விட்டுக்கொண்டே ஆசையாகச் சாப்பிட்டார்.

அவரைப் படிவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். ஜெசிந்தா கோப்பைகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

“அந்த மனிசிக்குக் காது கேக்காது.”

“விசர்க்கதை கதையாதை. அவ பெரிய படிப்பாளி. ஏதாவது யோசிச்சுக்கொண்டு இருந்திருப்பா.”

“பின்னாலை நிண்டு சொதி விடட்டோ எண்டு மூண்டு தரம் கேட்டனான். யோசிக்கிற ஆக்களும் திரும்பிப் பாப்பினம்.”

ஜப்பான் மொழிக்கு இத்தாலியன் எழுதுகிற ஒருவருக்குக் காது கேட்காது என்று யாராவது நினைப்பார்களா? நான் நினைக்கவில்லை. வாரத்துக்கு ஒரு கொலைப் படம் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த எனக்கு, சத்தத்தைக் குறைத்துவிட்டு உதட்டைப் பார்க்கிற ஒருவரைப் பற்றி ஒரு சந்தேகமும் வரவில்லை. அது அவருடைய தொழில்முறை என்றே இருந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

4. கடைசி மாலை

கடைசிப் படத்தின் பிலிம் பெட்டி அன்று பின்னேரம்தான் வந்தது. ஓடவிட்டுப் பார்க்க நேரமில்லை. முன்னோட்டத்துக்கு அனுப்பிய டிவிடி முடிவுக்குக் கிட்டப் போனதும் சிக்கிக்கொண்டது, அதனால் கடைசிப் பகுதிக்கு மட்டும் எனக்குச் சினியோராவின் குறிப்புகள் இல்லை, வரிகள்தான் இருந்தன. கவலைப்படாதையும், சமையலறைக் காட்சிதான், நீர் பிடிச்சிடுவீர் என்று என் தோளில் தட்டிவிட்டுப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். நீலச் சால்வை போட்டிருந்தார். பதிப்பகத்தார் அவருக்குப் பக்கத்தில் இருந்தார்கள். தியேட்டர் நிறைந்திருந்தது.

முடிவுவரை எல்லாம் அழகாகப் போனது. அடுத்த வரி லப்டொப்பில் காத்திருந்தது. விதவை, அரிசி கழுவிக்கொண்டே, துப்பறிகிறவரிடம் உண்மையைச் சொல்லத் தொடங்குகிற வரி. நான் விரலை வைத்துக்கொண்டு சமையலறையைத் தேடினேன். திரையில் வந்தது ஒரு படகு. பயணிகளை ஏற்றும் படகு. அதில் விதவை இல்லை. அவளுடைய மகனும் துப்பறிகிறவரும் நின்றார்கள். சரி, இது முடிந்து சமையலறை வரும் என்று இருந்தேன். மகன் பேசத் தொடங்கினான். பேசிக்கொண்டே இருந்தான்.

சினியோராவின் கையில் இருந்த வசனத் தாள்களில் கடைசிப் பகுதி வந்து சேரவே இல்லை என்பதும், டிவிடி சிக்கிய இடத்துக்கு அப்பால் அவர் தன் நாவலை நம்பி எழுதினார் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், இது பிழையான வரி. கை தானாக எடுபட்டது. திரைக்குக் கீழே துண்டு கறுப்பாகக் கிடந்தது.

முதலாளி மூச்சு வாங்க மேலே நான் இருந்த புரொஜெக்டர் அறைக்கு ஏறி வந்தார்.

“என்ன செய்யிறாய், அன்ரோனியோ? போடு.”

“பொருந்தேல்லை. இது பொம்பிளை சொல்லிற கதை. அங்கை நிக்கிறது பெடியன்.”

அவர் கண்ணாடிக்குள்ளால் எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், கோபக்காரர் என்றாலும் சமயோசிதம் உள்ளவர். கீழே ஓடிப்போய் மைக்கை எடுத்தார். ஒரு சின்னத் தடங்கல், ஆனால் எங்களுக்கு அதிர்ஷ்டம், மொழிபெயர்த்தவரே இங்கே இருக்கிறார், கேட்டுக் கேட்டு நேரடியாகச் சொல்லுவார் என்று அறிவித்தார். சனம் கைதட்டியது.

சினியோராவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் தன்னைப் பார்த்துக் கைதட்டுவதைக் கண்டார். தன் வேலைக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து எழும்பி, சிரித்து, சால்வையைச் சரிசெய்து, தலையைக் குனிந்தார். முதலாளி அவர் கையில் மைக்கைக் கொடுத்து, திரையைக் காட்டினார்.

அவர் திரும்பிப் பார்த்தார். படகைக் கண்டதும், படக்காரர் முடிவை மாற்றிவிட்டார்கள் என்று அவருக்கு விளங்கிவிட்டது. உதட்டைப் பார்த்தாவது ஏதும் பிடித்திருப்பாரோ என்னவோ. ஆனால் அந்த மகன் எங்களுக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தான்.

“கேக்கேல்லை” என்றார் மைக்கில்.

சத்தம் காணாதென்கிறார் என்று சனம் நினைத்தது. யாரோ பின்னாலிருந்து சத்தத்தைக் கூட்டச் சொன்னார்கள். முதலாளி என்னைப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டினார். நான் கூட்டினேன். கடலிரைச்சலும் அந்தப் பெடியனின் குரலும் கதிரைகள் அதிருகிற அளவுக்கு வந்தன. முன்வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். அவர் மட்டும் பொத்தவில்லை.

“பிரச்சினை சத்தம் இல்லை. எனக்குக் காது கேக்காது” என்றார். மைக்கைக் கதிரையில் வைத்துவிட்டு, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பக்கக் கதவால் போய்விட்டார். நான் கூட்டிய சத்தத்தைக் குறைக்க மறந்து நின்றேன்.

5. மூன்றாம் மாடி

மறுபதிப்பு நின்றுபோனது. அடுத்த வருடத்துப் படங்களை ரோமில் இருந்த வேறொருவருக்குக் கொடுத்தார்கள். முதலாளி சொன்ன சொல் மாறாமல் என் ஒப்பந்தத்தை மட்டும் மாற்றித் தந்தார். ‘ஒப்பரேட்டர்’ என்று எழுதிய தாளை வாங்கியபோது எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. அதை வாங்கித் தந்தவர் வேலை இழந்து மூன்றாம் மாடியில் இருந்தார்.

அவரைப் பார்க்கப் போனேன். வீட்டில் பெட்டிகள் கட்டியிருந்தன, கத்தானியாவில் இருக்கும் மருமகளோடு இருக்கப் போவதாகச் சொன்னார். நான் அவருக்கு நேரே நின்று, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார்.

“ஏன் இப்ப இப்பிடிக் கதைக்கிறீர்? உம்மடை வாய் எனக்கு எப்பவும் விளங்கினதுதானே.”

பிழையான வரியைப் போட்டிருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திராது என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

“நீர் வெறுமையா விட்டது சரி. நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பன். காது கேக்காதவளிட்டை ஆர் படம் குடுப்பினம் எண்டு பயந்துபோய் நான்தான் வாய் திறக்கேல்லை.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். கோப்பி போட்டுத் தந்தார். போகும்போது கன்னத்தில் முத்தமிட்டார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. கத்தானியாவுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே அவர் இறந்த செய்தி வந்துவிட்டது.

6. அந்தப் பெடியன் சொன்னது

சில வருடம் கழித்து அந்தப் படம் இத்தாலிய சப்டைட்டிலோடு டிவிடியாக வந்தது. வாங்கி வந்து வீட்டில் போட்டேன். ஜெசிந்தாவும் பக்கத்தில் இருந்தாள். படகு வந்தது. மகன் கடலைப் பார்த்துக்கொண்டு துப்பறிகிறவரிடம் சொல்கிறான். அம்மா செய்தது எனக்கு முதல் நாளே தெரியும். நீங்கள் ஊர் முழுக்கத் துருவித் துருவிக் கேட்டீர்கள். என்னிடம் வந்து உட்கார்ந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.

ஜெசிந்தா எழும்பிக் குசினிக்குப் போனாள். நான் அழுதேன்.

இப்போது பூசையில் பாட்டு வரி போடுவது இளையவர்கள். போனிலிருந்தே போடுகிறார்கள், என்னைவிட வேகம். தடுமாறினால் வெறுஞ்சுவராக விடுங்கள் என்ற என் சட்டத்தை அவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன், அது பிழையான சட்டம் இல்லை. ஆனால் பூசை தொடங்க முதல் பாடுகிறவர்களிடமும் எழுதித் தருகிறவர்களிடமும் போய், முகத்துக்கு நேரே இருந்து, உங்களுக்கு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன். சினியோராவோடு அவ்வளவு நாள் பக்கத்தில் இருந்து வேலை செய்தேன். நான் வாயசைத்தால் அவருக்கு விளங்கும். அந்தக் கேள்விக்கு மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை.