வெளுப்பை மிதிக்காதே

ஆர்டிஸ் ஹேவர்ட்டியின் தொண்டை சாதாரணத் தொண்டை இல்லை. சாக்ரமெண்டோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியே பாதி ஆயுளைக் கழித்தவள். சீட்டுக்கு அடியில் பபிள்கம் ஒட்டுகிற வானரங்களை, தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் பார்த்தபடியே ஓர் அதட்டலில் அடக்கிய தொண்டை அது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அதை வீட்டில் சும்மா வைத்திருக்க முடியுமா? நேரே அமெரிக்கன் ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"ஏய், நீலச் சட்டை! வெளுப்ப மிதிக்காத! கறுப்புல நட, கறுப்புல!"

நவம்பரில் சால்மன் மீனும், புத்தாண்டு கழிந்ததும் ஸ்டீல்ஹெட் மீனும் கடலிலிருந்து ஏறி வந்து, ஊர் நடுவில், நெடுஞ்சாலைப் பாலத்து இரைச்சலுக்குக் கீழேயே முட்டையிடுகின்றன. பெண் மீன் ஒருக்களித்துக்கொண்டு வாலால் அடித்து அடித்துச் சரளையைக் கிளறும். பாசியெல்லாம் போய்க் கற்கள் பளிச்சென்று வெளுத்துவிடும். அந்த வெளுத்த இடம்தான் கூடு. கற்களுக்கு ஒரு சாண் கீழே முட்டைகள் கிடக்கும். தூண்டில்காரர்களுக்கும் அந்த வெளுப்புதான் கண்ணில் படும், அதுதான் கெட்ட நேரம். பாசியில்லாத கல் வழுக்காது, காலுக்குப் பிடிமானம். தண்ணீருக்குள் யாரோ நடைபாதை போட்டு வைத்ததுபோல இருக்கும். நேராகப் போய் அதன்மேல் ஏறி நின்றுகொண்டு, மீனே இல்லையே என்று புலம்புவார்கள். காலடியில் எத்தனை நசுங்கியது என்று அந்தப் பாவிகளுக்கு எங்கே தெரியும்!

ஆகவே ஆர்டிஸ் குளிர்காலம் முழுக்கக் கரையில் நிற்பாள். சம்பளமில்லை, ஆற்றுக் காவல் குழுக்காரர்கள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேல்சட்டை மட்டும் கொடுத்திருந்தார்கள். ஆற்றுக்கு வருகிறவர்கள் அவளை சார்ஜண்ட் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு பெயர்களும் உண்டு, அவற்றை இங்கே எழுதமுடியாது. ஆனால் அவள் வந்ததிலிருந்து பழைய ரயில் பாலத்துக்குக் கீழே யாரும் கூட்டின்மேல் கால் வைப்பதில்லை. வெளுப்பைக் கண்டால் சுற்றிப் போவது எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டது.

அந்தப் பழக்கம் முதலில் படிந்தது அவள் தம்பி ராய்ஸுக்கு. மனைவி விட்டுப் போனபின் அக்கா வீட்டுப் பின்னறையில் இருந்தான், டயர்க் கடையில் வேலை. ஸ்டீல்ஹெட் பைத்தியம். ஒருநாள் தெரியாமல் கூட்டின்மேல் நின்றுவிட்டான். பத்துப் பேர் முன்னால் கிழித்துத் தொங்கவிட்டாள். "என் வீட்டுலயே தின்னுட்டு என் கண்ணு முன்னாடியே மிதிக்கிறியா? அடுத்த தடவ கால ஒடிச்சிடுவேன்!" அன்றிலிருந்து அவன் வாகன நிறுத்தத்தில் கொட்டிக் கிடந்த வெள்ளைப் பெயின்ட்டைக் கண்டால்கூடக் காலைத் தூக்கிச் சுற்றிப் போவான். "ஐயோ, அக்கா பாத்தா கொன்னுடுவா" என்பான். அவளைச் சீண்டுவதில் அவனுக்கு அப்படியொரு குஷி.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால், டூலி பனி என்கிற மூடுபனி இறங்கிய ஒரு காலை அவன் ஆற்றுக்குப் போனான். மழை ஓய்ந்தபின் கோரைச் சதுப்பிலிருந்து கிளம்பி ஊரையே விழுங்குகிற பனி அது. அந்த மாதிரி நாளில் பள்ளிக்கூட பஸ்கள்கூட நேரம் தள்ளித்தான் கிளம்பும். ராய்ஸ் திரும்பவில்லை. தூண்டில் ஓர் அலரிச் செடியில் மாட்டிக்கொண்டு கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. முங்கித் தேடுகிறவர்கள் வந்து தேடிவிட்டுப் போனார்கள். தூண்டில்காரர்கள் போடுகிற, நெஞ்சு வரை ஏறும் ரப்பர் உடுப்புக்குள் தண்ணீர் புகுந்தால் அவ்வளவுதான், வழுக்கியிருப்பான் என்றார்கள். ஆர்டிஸும் வழுக்கியிருப்பான் என்றே சொல்லிக்கொண்டாள். அவனுடைய பின்னறையை மட்டும் இன்னும் பெருக்கவில்லை.

இந்த ஜனவரியில் பனி தொடங்கியதும் ஒரு விஷயம் நடந்தது. நாயோடு வந்த ஒரு ஜோடியிடம் அவள் வழக்கம்போலத் தொடங்கினாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

"தெரியும் மேடம். கீழ ஒருத்தர் ஏற்கெனவே சொல்லிட்டார். தண்ணிக்குள்ளயே நிக்கிறாரே, பாவம், குளிராதா அவருக்கு?"

ஆர்டிஸுக்குச் சுருக்கென்றது. நம்மைக் கேட்காமல் எவனை நிறுத்தினார்கள்? காவல் குழுவுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தாள். யாரையும் நிறுத்தவில்லை என்றார்கள். சரி, எவனோ நல்லவன், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். நாய் மட்டும் அந்தப் பக்கம் திரும்பி நின்று, வாலைக் காலுக்கிடையில் செருகிக்கொண்டு முனகிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்காமல் இல்லை.

அடுத்த பனி நாளில் பாவ்லோ வந்தான். கூரை வேலைக்காரன், உக்ரைனிலிருந்து சின்ன வயதிலேயே வந்தவன். எப்போது பார்த்தாலும் வாயில் சூரியகாந்தி விதை, பேச்சுக்கு நடுவே தோலைத் துப்பிக்கொண்டே இருப்பான். ஆர்டிஸோடு வம்பிழுக்காவிட்டால் அவனுக்கு மீன் பிடித்த மாதிரியே இருக்காது. அன்றைக்குக் கழுத்து வரை நனைந்து, உதடு நீலம் பாரித்து, பற்கள் தந்தியடிக்க வந்து நின்றான்.

"சார்ஜண்ட் அம்மா! உங்க ஆளு என்னைக் கொல்லப் பாத்தான்!"

"என் ஆளா? எந்த ஆளு?"

"தெரியாத மாதிரி நடிக்காதீங்க. ரயில் பாலத்துக்குக் கீழ நடு ஆத்துல பெரிய கூடு இருக்குல்ல? அதுகிட்டப் போறேன், பனிக்குள்ளேருந்து 'சுத்திப் போ, சுத்திப் போ'ங்கறான். சரின்னு வலப்பக்கம் சுத்துனேன். அங்க மடு! கால் வச்சேன், தரையே இல்ல. ஒரு மரக்கிளை அகப்பட்டதால தப்பிச்சேன். இல்லேன்னா இந்நேரம் என் பொண்டாட்டி கறுப்பு உடுத்திருப்பா."

"மடு இருக்குன்னு அவன் சொல்லலையா?"

"எங்க சொன்னான்? தொடை வரைக்கும் தண்ணியில நிக்கிறான், அவனைச் சுத்தித் தண்ணி அசையவே இல்ல. பைத்தியக்காரன்! நான் மிதிச்சா உனக்கென்னய்யான்னு கேட்டேன். 'அக்கா பாத்தா கொன்னுடுவா'ங்கறான். எவ அவ அக்கா?"

ஆர்டிஸ் பனி மூடிய ஆற்றுப்பக்கம் திரும்பினாள். ஈரச் சரளையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பாவ்லோ பயந்துபோய் அவளுக்குத் தன் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தான். நனைந்தவன் அவன், நடுங்கியவள் அவள். வழுக்கவில்லை. ராய்ஸ் வழுக்கவே இல்லை. நடு ஆற்றில் கூடு, இடப்பக்கம் இழுக்கிற நீரோட்டம், வலப்பக்கம் மடு. பனியில் மடு தெரிந்திருக்காது, வெளுப்பு மட்டும் தெரிந்திருக்கும். வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் அதன்மேல் ஏறிப் பத்திரமாகக் கரைக்குப் போயிருப்பான். ராய்ஸ் சுற்றிப் போனான். அவள் சொல்லிக்கொடுத்தபடி கறுப்பில் கால் வைத்தான். இப்போதும் அங்கேயே நின்று வருகிறவர்களையெல்லாம் சுற்றிப் போகச் சொல்கிறான்.

அன்று முழுக்க அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. அவனை நினைத்துப் பயமில்லை, தம்பிதானே. ஆனால் அவன் பேச்சைக் கேட்டு இன்னொருவன் போய்ச் சேர்ந்தால்? 

மறுநாள் விடிந்ததும் ஓடினாள். பனி முந்தின நாளைவிட மோசம். நாலடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. நெடுஞ்சாலைப் பாலத்தில் போகிற லாரிகளின் சத்தம் எங்கோ மண்ணுக்கு அடியிலிருந்து வருவதுபோல இருந்தது. கரையில் பாவ்லோவின் வண்டி நின்றது. பக்கத்தில் ஈரமாக விதைத் தோல்கள். இந்த மடையன் ஏன் மறுபடியும் வந்தான்? வேறு எதற்கு, நேற்றுத் தன்னை மடுவில் இறக்கிவிட்டவனைப் பிடித்து நாலு சாத்துச் சாத்தத்தான்.

தண்ணீருக்குள் குரல்கள் கேட்டன.

"எங்கடா இருக்கே? தைரியம் இருந்தா முன்னால வா!" அது பாவ்லோ.

பிறகு, மெதுவாக, மரியாதையாக, ரொம்பப் பழகிய ஒரு குரல். "சுத்திப் போங்க. அது மேல வேண்டாம். சுத்திப் போங்க."

ஆர்டிஸ் வாயைத் திறந்தாள். ஆயிரம் பிள்ளைகளை அடக்கிய தொண்டை, அந்த நேரம் பார்த்து வெறும் காற்றைத்தான் விட்டது. கனைத்துக்கொண்டு கத்தினாள். "பாவ்லோ! நில்லு! சுத்தாத! வெளுப்பு மேலயே நட! நேரா அது மேலயே ஏறி வா!"

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"யாரது?" என்றான் பாவ்லோ. அவன் குரலில் இப்போது முறுக்கில்லை.

"நான்தான்டா, ஆர்டிஸ்! கூட்ட மிதிச்சிக்கிட்டு வா!"

"பொய்!" அவன் அலறினான். "நீ ஆர்டிஸ் இல்ல! அந்தப் பொம்பள செத்தாலும் இப்படிச் சொல்ல மாட்டா! கடவுளே, இங்க ரெண்டு பேய் இருக்கு!"

சளப், சளப் என்று அவன் விலகிப் போகிற சத்தம். வலப்பக்கமாக. மடுவை நோக்கி. அவள் இனிமேல் எவ்வளவு கத்தினாலும் அவன் நம்பப்போவதில்லை. எத்தனை வருடம் பாடுபட்டுச் சேர்த்த பெயர் அது!

ஆர்டிஸ் தண்ணீரில் இறங்கினாள். முழங்கால், தொடை. குளிர் எலும்பைக் கடித்தது. காலுக்கு முன்னால் கறுப்புக் கற்கள் முடிந்து வெளுப்பு தொடங்கியது. பெண் மீன் ஒன்று அதன்மேல் நின்றிருந்தது, முதுகு சாம்பல், பக்கவாட்டில் சிவப்புக் கோடு. ஒரு நொடி நின்றாள். "மன்னிச்சிடு தாயி" என்று வாய்விட்டே சொன்னாள். காலை வைத்தாள். சரளை மெத்தென்று உள்வாங்கியது.  அடுத்த காலை வைத்தாள், அதற்கடுத்ததையும். மீன் விலகி ஓடியது. கூட்டின் மறுகோடி வரை நடந்து, பனிக்குள் கையை நீட்டித் துழாவி, பாவ்லோவின் ரப்பர் உடுப்புத் தோள்வாரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். அவன் ஒரு கால் ஏற்கெனவே மடுவில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு அவள் நிற்கிற இடத்தைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"சார்ஜண்ட்... நீங்க மிதிச்சிட்டு நிக்கிறீங்க."

"தெரியுது. வாய மூடு."

ஏனென்றால் மடுவின் ஓரத்தில், தொடையளவு நீரில், ராய்ஸ் நின்றிருந்தான். அன்று போட்டுக்கொண்டு போன அதே தொப்பி, அதே உடுப்பு. அவனைச் சுற்றித் தண்ணீர் அசையவில்லைதான். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கால்களையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான், திட்டு விழப்போகிறதே என்று காத்திருக்கும் பையனைப்போல.

"பாரு ராய்ஸ்" என்றாள். "நானே மிதிச்சிட்டேன். இனிமே யாரும் சுத்த வேண்டாம். நீயும் இது மேல ஏறி வாடா."

"திட்டுவியே" என்றான்.

"திட்ட மாட்டேன்டா. என் ராசா, திட்டவே மாட்டேன். வா." அவள் அழுதாள். பாவ்லோவுக்கு முன்னால், வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக அழுதாள்.

ராய்ஸ் காலைத் தூக்கி வெளுப்பின்மேல் வைத்தான். ஒரு கல்கூட அசையவில்லை. அவளைத் தாண்டிப் போனான். கடக்கும்போது ஈரப் பாசி வாடை அடித்தது, டயர்க் கடை வாடையும். கறுப்புக் கற்களின்மேல் நடந்து, கரைப்பக்கமாகப் பனிக்குள் போய்விட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. பாவ்லோ சிலுவைக்குறி போட்டுக்கொண்டே இருந்தான், நிறுத்தத் தெரியாமல்.

கொஞ்ச நேரம் கழித்துப் பனி சற்று விலகியபோது பெண் மீன் திரும்பி வந்தது. அவள் பூட்ஸில் முட்டியது, விலகியது, மறுபடியும் முட்டியது. ஆர்டிஸ் அசையாமல் நின்றாள். எடுத்த ஒவ்வோர் அடிக்கும் கீழே என்ன இருந்தது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஆற்றில் யாருமில்லை.

"வாங்க, கரைக்குப் போயிடலாம்" என்றான் பாவ்லோ. அவளிடம் அவன் அவ்வளவு மெதுவாகப் பேசியதே இல்லை. "விறைச்சிடுவீங்க."

"எங்கடா கால வைக்கிறது?" என்றாள் ஆர்டிஸ். "நீயே பாத்துச் சொல்லு."

பாவ்லோ குனிந்து பார்த்தான். ராய்ஸ் நடந்துபோன வழி நெடுக, கரை வரைக்கும், கறுப்பாக இருந்த கற்கள் நடைபாதை போட்டதுபோல வெளுத்துக் கிடந்தன.