சீமெந்து பூசச் சொன்னவன்

என் மேல்வீட்டுக்காரர் துருக்கியர். ஜெர்மனியில் என்னை ஹெர் இஞ்சினியர், அதாவது இஞ்சினியர் ஐயா, என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். இலங்கையில் நான் கட்டடப் பொறியியல் படித்தவன். இங்கே ஓய்வுபெறும்வரை ரொட்டித் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றேன்.

அவருடைய ஊரில் ஒஸ்மானியச் சுல்தான்கள் காலத்துப் பள்ளிவாசல் ஒன்று இருக்கிறது. தெருவோரம் புதிதாக ஒன்று கட்டியதும் பழையதைக் கைவிட்டுவிட்டார்கள். சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய கற்சுவர்கள், ஈயத் தகடு போர்த்த குவிமாடம், உள்ளே சுவர் முழுக்கச் சிவப்பிலும் நீலத்திலும் தீட்டிய பூங்கொடிகள். சில வருடங்களுக்கு முன் படங்களைக் காட்டி, "சுவரில் ஈரம் ஊறுகிறது, ஹெர் இஞ்சினியர். என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

நேரில் பார்க்காமலே, "வெளியே சீமெந்து பூசுங்கள்" என்றேன். எங்களூர்க் கோயில்களுக்கு அதைத்தானே செய்தோம். அந்தக் கோடையிலேயே ஊர்க்காரரைச் சேர்த்து மூன்று சுவர்களைப் பூசி முடித்தார்.

போன மாரிக் குளிரில் இங்குள்ள தேவாலயத்துக்குச் சாரம் கட்டியிருந்தார்கள். அறிவிப்புப் பலகையை வாசித்தேன். முன்பு பூசிய சீமெந்து ஈரத்தைச் சுவருக்குள் அடைத்துவிட்டதாம், அதை உடைத்தெடுக்கிறார்களாம். அதன்பிறகு நான் அந்தத் தெருவால் போகவில்லை. படியில் மேல்வீட்டுக்காரரைக் கண்டால் குளிரைப் பற்றிப் பேசினேன். அவருடைய ஊரில் மழை பெய்கிறதா என்று மட்டும் அடிக்கடி கைபேசியில் பார்ப்பேன்.

"சொல்லிப்போடுங்கோவன்" என்றாள் மனைவி.

"ஏலாது. இஞ்சினியர் எண்டு கூப்பிடுற மனிசன்."

"இஞ்சினியராம்! எங்கட குசினிக் குழாய் இன்னும் ஒழுகுது."

இந்தக் கோடைக்கு ஊருக்குப் போனவர் நேற்றுக் காலை வீடியோவில் அழைத்தார். பள்ளிவாசலுக்குள் நின்றார். பூசிய மூன்று சுவர்களிலும் உட்புறப் பூக்கள் கொப்புளித்து உரிந்திருந்தன. பூசாத தொழுகைத் திசைச் சுவரில் மட்டும் ஒரு இதழும் கெடவில்லை.

"பார்த்தீர்களா, ஈரம் எவ்வளவு பொல்லாதது! இன்றைக்கு இந்தச் சுவரையும் பூசிக் காப்பாற்றிவிடுவோம்."

வெளியே கலவை இயந்திரம் சுற்றும் சத்தம் கேட்டது.

"நிறுத்தச் சொல்லுங்கள். சீமெந்துதான் பூக்களை உரிக்கிறது. நான் பிழையாகச் சொல்லிவிட்டேன்."

அவர் வாசல் பக்கம் திரும்பித் துருக்கி மொழியில் கத்தினார். இயந்திரம் நின்றது. திரும்பி வந்து முகத்தைக் கைபேசிக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"இது உங்களுக்கு எப்போது தெரிய வந்தது?"

"போன மாரியில்."

"மாரியில் நான் உங்கள் மேல்வீட்டில்தானே இருந்தேன்?"

ஓம், இருந்தீர்கள் என்றேன்.